நிதி அமைச்சகத்திடம் எப்படிக் கேட்க வேண்டும்?

கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் திங்கட்கிழமை மக்களவையில் எம்பிக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிதி அமைச்சகத்தின் முறை வரும். செவ்வாய்க்கிழமை மாநிலங்களவையில். அன்று சாயங்காலத்துக்குள் கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் பிடிஎஃப்பாக வந்துவிடும். நான் அதைத் தவறாமல் எடுத்துப் படிப்பவன். தொழில் கணக்கு எழுதுவது, சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது. ரீஃபண்ட் ஏன் நிற்கிறது, வங்கி ஏன் ஓவர் டிராஃப்ட்டைக் குறைத்தது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயங்களில் பாதி அந்தப் பதில்களில்தான் கிடைக்கிறது.

"பார்லிமென்ட்டில் எங்கே சார் கேள்வி கேட்கிறார்கள், கத்திவிட்டு வெளியே போகிறார்கள்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். டிவியில் வருவது அது மட்டும்தான் என்பதால் அப்படித் தோன்றுகிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள் பட்டியலில் ஏறுகின்றன. மாநிலங்களவையில் 15-ம் 160-ம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில், அதோடு சரி. யாருடைய கேள்வி பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஆகக் கேள்வி இல்லை என்பது பிரச்சினையே இல்லை. கேள்வி எப்படி எழுதப்படுகிறது, பதில் வந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் விதி. மக்களவை நடைமுறை விதிகளில் 41-ஆவது விதி கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. அபிப்பிராயம் கேட்கக் கூடாது. "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்று கற்பனையாகக் கேட்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒரு பதிலுக்குள் அடங்காத அளவு பெரிய கொள்கை விஷயத்தைக் கேள்வியாக எழுப்பக் கூடாது. அப்படியென்றால் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி எப்படிக் கேட்பது? வேலையின்மை, விலைவாசி, ரூபாய் மதிப்பு எதுவுமே ஒரு பதிலில் அடங்குகிற விஷயம் இல்லையே.

துண்டு துண்டாக வெட்டித்தான் கேட்க வேண்டும். நிதி அமைச்சகத்திடம் "சிறு தொழில்களின் நிலை என்ன, அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன" என்று கேட்டால் ஏழு பக்கத்துக்குப் பதில் வரும். முத்ரா, ஸ்டாண்ட் அப் இந்தியா, அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் என்று பத்திரிகைச் செய்திக் குறிப்பில் இருந்ததெல்லாம் வரிசையாக இருக்கும். படித்து முடித்தபின் கையில் ஒன்றும் நிற்காது. அதையே "கடன் உத்தரவாதத் திட்டத்தில் இந்த மூன்று ஆண்டுகளில் வாராக்கடனான கணக்குகள் எத்தனை, தொகை எவ்வளவு, மாநிலவாரியாகத் தருக" என்று கேட்டால் ஓர் அட்டவணை வரும். அட்டவணை வந்தால் அதை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கலாம். "எடுத்த நடவடிக்கைகள் என்ன" என்ற வரியை எல்லா எம்பிக்களும் எழுதுவதை உடனே நிறுத்திவிட்டாலே கேள்வி நேரத்தின் தரம் ஒரு படி ஏறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பதிலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன்களைப் பற்றிக் கேட்டார்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கொடுத்த பதில்: கடந்த ஐந்து நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ரைட் ஆஃப் செய்திருக்கின்றன. உடனே பாதிப் பேர் "10 லட்சம் கோடி தள்ளுபடி" என்று எழுதினார்கள். மீதிப் பேர் "அது தள்ளுபடியே இல்லை, வெறும் கணக்கு ஏற்பாடு" என்றார்கள். பதிலை எடுத்துப் படித்தால் இப்படி இருக்கும்: ரிசர்வ் வங்கி விதிமுறைப்படியும் வங்கி இயக்குநர் குழுவின் கொள்கைப்படியும், நான்கு ஆண்டு முடிந்து முழு ஒதுக்கீடு (நஷ்டத்துக்கு ஈடாகப் பணம் எடுத்துவைப்பது) செய்யப்பட்டவை உட்பட வாராக்கடன்கள் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன, கடன் வாங்கியவரின் பொறுப்பு தொடர்கிறது, அவருக்கு இதனால் எந்தப் பலனும் இல்லை, வசூல் நடவடிக்கை தொடர்கிறது. இந்தப் பத்தியை நான் எத்தனையோ பதில்களில் ஏறக்குறைய ஒரு சொல் மாறாமல் பார்த்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, கணக்கு வேலை செய்கிறவனுக்கு அது தெரியும். ஆனால் அதே பதிலில் இன்னோர் எண்ணும் இருந்தது. அப்படி நீக்கிய கணக்குகளிலிருந்து பொதுத்துறை வங்கிகள் அந்த ஐந்து ஆண்டுகளில் மீட்டது 1 லட்சம் கோடியைக் கொஞ்சம் தாண்டியது. பொறுப்பு தொடர்கிறது சரி, பணம் எவ்வளவு திரும்பியது? அதற்கான விடை அந்த எண்தான். அதைக் கேட்டு வாங்கியவர் மீட்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தவர். அது இல்லாமல் நீக்கிய தொகையை மட்டும் கேட்டிருந்தால் நமக்குப் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

அடுத்த படியாக "யார் அந்தப் பெரிய கடனாளிகள்" என்று கேட்பார்கள். அங்கே கதவு மூடும். ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 45-இ, கடன் தகவல் ரகசியம், வெளியிட முடியாது. இதே விஷயம் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-இல் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் ரிசர்வ் வங்கி தகவலை மறைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் நாடாளுமன்றப் பதில்களில் 45-இ வந்துகொண்டேதான் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் கேட்டாலும் அதே பதில்தான் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பொதுத்துறை வங்கிக்கு மூலதனம் போட பட்ஜெட்டில் பணம் ஒதுக்க அந்த உறுப்பினரின் ஓட்டு வேண்டும், அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டால் ரகசியமா?

இன்னொரு வகைப் பதில், "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்." இது வாக்குறுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அரசு வாக்குறுதிகள் குழு என்று ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று கெடுவும் இருக்கிறது. கேள்வி கேட்ட உறுப்பினர் விடாமல் துரத்தினால் தகவல் வரும். மறந்துவிட்டால் அதுவும் வராது.

நட்சத்திரக் கேள்வியின் பலம் துணைக் கேள்வியில் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டு வாய்ப்பு, அப்புறம் சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களுக்கு ஒவ்வொன்று. அமைச்சருக்கு அதிகாரிகள் துணைக் கேள்விகளை ஊகித்து ஒரு கட்டுக் குறிப்பு தயாரித்துக் கொடுத்திருப்பார்கள், அவர்களும் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து தேவைப்பட்டால் சீட்டு அனுப்புவார்கள். அவ்வளவு தயாரிப்பையும் தாண்டி ஒரு நல்ல துணைக் கேள்வி அமைச்சரைத் திணறடித்துவிடும். ஆனால் நம் உறுப்பினர்களில் பலர் தங்கள் இரண்டு வாய்ப்பையும் முன்னுரை சொல்லியே தீர்த்துவிடுகிறார்கள். தொகுதி மக்களுக்கு வணக்கம், பிரதமருக்கு நன்றி அல்லது அரசுக்குக் கண்டனம், பிறகு மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி ஒரே மூச்சில். அமைச்சர் அதில் சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். 20 கேள்வியில் நாலைந்து முடிவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.

கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1957. எல்ஐசி தேசியமயமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1957 ஜூனில் அது கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. எல்ஐசியின் சொந்த முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. முந்த்ராவுக்கு அப்போது கழுத்து வரை கடன். செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் மக்களவையில் எல்ஐசி முதலீட்டைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். பிடிகொடுக்காத பதில் வந்தது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். எந்தத் தேதியில் எந்தப் பங்கு சந்தையில் என்ன விலை, எல்ஐசி கொடுத்தது என்ன விலை என்று விவரத்தோடு பேசினார். "அரசின் முதலீட்டுக் கொள்கை சரியில்லை" என்று பொதுவாகப் பேசியிருந்தால் அமைச்சர் கொள்கை விளக்கம் கொடுத்து முடித்திருப்பார். விலையை வைத்துக் கேட்டால் விலையைத்தான் சொல்லியாக வேண்டும்.

ராம் சுபக் சிங்கும் காங்கிரஸ். பெரோஸ் காந்தியும் காங்கிரஸ், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன். அவர்கள் கேள்வி கேட்டது தங்கள் கட்சியின் நிதியமைச்சரை, சென்னையிலிருந்து போன டி.டி. கிருஷ்ணமாச்சாரியை (டிடிகே). 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்லா தலைமையில் ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைந்தது. சாக்லா பகிரங்கமாக விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. நிதித்துறை முதன்மைச் செயலர் எச்.எம். படேல் சாட்சி சொன்னார், அமைச்சரும் சொன்னார். செயலர் செய்ததற்கு அமைச்சர்தான் அரசியல் சட்டப்படி பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது என்பது சாக்லாவின் முடிவு. ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்தது, பிப்ரவரியில் டிடிகே பதவி விலகினார். அந்த ஆண்டு பட்ஜெட்டை நேருவே படித்தார்.

டிடிகே திறமையானவர், பிறகு மீண்டும் நிதியமைச்சராகவும் வந்தார். அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆளும் கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு பாலிசிதாரரின் பணத்துக்காக எழுந்து நின்ற இரண்டு பேரை நினைவில் வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இன்றைக்கு ஆளும் கட்சி உறுப்பினர்களின் கேள்விகளை எடுத்துப் பாருங்கள், மத்தியில் யார் ஆண்டாலும் சரி, பெரும்பாலும் திட்டத்தின் சாதனையைச் சொல்ல அமைச்சருக்கு வாய்ப்புக் கொடுப்பதற்காகவே எழுதியதுபோல இருக்கும். அரசைக் கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமல்ல. அமைச்சராக இல்லாத ஒவ்வோர் உறுப்பினரின் வேலையும் அதுதான்.

கேள்வி கேட்டும் பதில் தவறாக வந்தால்? தேர்தல் பத்திர விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்த திட்டம் அது. 2018 குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் நதிமுல் ஹக் ஒரு நேரான கேள்வி கேட்டார்: தேர்தல் பத்திரங்களைப் பற்றித் தேர்தல் ஆணையம் ஆட்சேபம் ஏதாவது தெரிவித்ததா? நிதித்துறை இணையமைச்சராக இருந்த பொன். ராதாகிருஷ்ணன் பெயரில் வந்த எழுத்துப் பதில், அப்படி எதுவும் வரவில்லை என்றது. ஆனால் ஆணையம் 2017 மே மாதமே சட்ட அமைச்சகத்துக்குத் தன் கவலையைக் கடிதமாக எழுதியிருந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்திலும் அதையே சொன்னது. கடிதம் போனது வேறு அமைச்சகத்துக்கு என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் பதில் சொன்னது அரசின் பெயரில். அவைக்குத் தவறான தகவல் தந்ததாக உரிமை மீறல் நோட்டீஸும் கொடுக்கப்பட்டது. கடைசியில் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. எழுத்தில் வாங்கிய ஒரு வரிப் பதிலின் மதிப்பு இதுதான். அது பதிவேட்டில் இருக்கும். பின்னால் வேறு ஓர் ஆவணம் வெளிவரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சபையைவிட நிதானமாகக் கேள்வி நடக்கும் இடம் நிதி நிலைக்குழு. 1993-இல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. ஒரு குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது, அமைச்சரைக் கூப்பிட்டு விசாரிப்பதும் இல்லை. எதிரே உட்காருவது செயலர்களும் ரிசர்வ் வங்கி ஆளுநர் போன்றவர்களும். பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு, 2017 ஜனவரியில் ஆளுநர் உர்ஜித் படேல் வந்து உட்கார்ந்தார், எதிரே உறுப்பினர்களில் ஒருவராக முன்னாள் ஆளுநரும் முன்னாள் பிரதமருமான மன்மோகன் சிங். எவ்வளவு நோட்டு திரும்பி வந்தது என்பதுதான் அன்று எல்லோருக்கும் வேண்டியிருந்த எண். எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதே நெடுநாள் பதிலாக இருந்தது. 99.3 சதவீதம் திரும்பிவிட்டது என்ற இறுதிக் கணக்கு 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கையில்தான் வந்தது.

குழுவில் கட்சிக் கொறடா கிடையாது, கேமரா கிடையாது, அதனால் உறுப்பினர்கள் உண்மையிலேயே கேள்வி கேட்கிறார்கள் என்பார்கள். அறிக்கைகளைப் படித்தால் அது ஓரளவு உண்மை என்று தெரிகிறது. எனக்குப் பிடித்தது நடவடிக்கை அறிக்கைகள். குழு சொன்ன ஒவ்வொரு பரிந்துரைக்கும் அமைச்சகம் என்ன பதில் சொன்னது, அதைக் குழு ஏற்றதா, இல்லை, ஏற்காமல் மீண்டும் வலியுறுத்துகிறதா என்று அத்தியாயம் பிரித்து வைத்திருப்பார்கள். ஏற்காத பதில்களின் அத்தியாயத்தை மட்டும் படித்தாலே அரசும் நாடாளுமன்றமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று புரிந்துவிடும். ஆனால் குழுக் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கிறது, யார் என்ன கேட்டார் என்று நமக்குத் தெரியாது. பிரிட்டனில் கருவூலக் குழு நிதியமைச்சரையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறது, அதை யாரும் நேரலையில் பார்க்கலாம். இங்கேயும் பட்ஜெட் சம்பந்தப்பட்ட அமர்வுகளையாவது திறந்துவிட வேண்டும்.

இவ்வளவு கருவி இருந்தும் நேரம் இல்லாமல் போகிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் (அவர்கள் செலவுக்கு அவையிடம் கேட்கும் பணம்) விவாதமே இல்லாமல் கில்லட்டினில், அதாவது மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில், போயின. நிதி மசோதாவும் சேர்ந்து அரை மணி நேர வேலையாக முடிந்தது. அரசியல் கட்சிகள் வாங்கிய வெளிநாட்டு நன்கொடை பற்றிய சட்டத்தில் 1976 வரை பின்தேதியிட்டு ஒரு திருத்தம் அந்த மசோதாவுக்குள் இருந்தது, யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 2023 மார்ச்சில் மறுபடியும் அதே கதை, 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு அமளிக்கு நடுவே விவாதமில்லாமல் நிறைவேறியது. அமளிக்கு யார் காரணம் என்று இரண்டு பக்கமும் கைகாட்டலாம். கேட்கப்படாமல் போன கேள்விகள் யாருக்கும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

2020 செப்டம்பர் இன்னும் மோசம். ஆகஸ்ட் 31 அன்று ஏப்ரல்-ஜூன் காலாண்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக அரசே அறிவித்தது. ஜிஎஸ்டியால் குறைந்த வருவாய்க்கு ஈடாக மாநிலங்களுக்குத் தர வேண்டிய இழப்பீடு நிலுவை. எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்கு நிதியமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்லவைக்க வேண்டிய மாதம் அது. அந்தக் கூட்டத்தொடரில்தான் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள், எழுத்துப் பதில் மட்டும் இருந்தது. இழப்பீட்டுக்குத் தொகுப்பு நிதியிலிருந்து (மத்திய அரசின் வருவாய் சேரும் பொதுக் கணக்கு) பணம் தரச் சட்டத்தில் இடமில்லை என்று அரசு சொன்னது. அதே செப்டம்பரில் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2017-18, 2018-19 ஆண்டுகளில் வசூலான இழப்பீட்டு செஸ்ஸில் 47,272 கோடி ரூபாய் இழப்பீட்டு நிதிக்கு மாற்றப்படாமல் அந்தத் தொகுப்பு நிதியிலேயே நின்றதாகச் சொன்னது. கணக்குச் சரிபார்ப்பில் ஏற்பட்ட தற்காலிகத் தாமதம்தான், திருப்பிவிடல் அல்ல என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தின்மேல் ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்க வழி இருந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு மாற்றினீர்கள்? அவ்வளவுதான்.

என் தொகுதி எம்பி அலுவலகத்துக்கு அடுத்த கூட்டத்தொடருக்காக ஒரு கேள்வி எழுதி அனுப்பப் போகிறேன். 15 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கும் நேரம் வேண்டும். வரைவு இதுதான், யாராவது மேம்படுத்திக் கொடுத்தால் நல்லது:

"நிதியமைச்சர் தெரிவிப்பாரா: (அ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன்களில் 25 லட்சம் ரூபாய்க்குக் கீழ், 25 லட்சம் முதல் 5 கோடி வரை, 5 கோடிக்கு மேல் என மூன்று பிரிவிலும் கணக்குகளின் எண்ணிக்கையும் தொகையும், வங்கிவாரியாக, (ஆ) அதே மூன்று பிரிவிலும் இதுவரை மீட்கப்பட்ட தொகை, ஆண்டுவாரியாக, (இ) தமிழ்நாட்டுக் கிளைகளின் கணக்குகளுக்கு மேற்படி விவரம் தனியாக."

பெயர் எதுவும் கேட்கவில்லை, அதனால் 45-இ வராது. அபிப்பிராயம் கேட்கவில்லை. நடவடிக்கைகள் என்ன என்றும் கேட்கவில்லை. சின்னக் கடன்காரரிடம் எவ்வளவு கறாராக வசூல் ஆகிறது, பெரியவரிடம் எவ்வளவு என்பது இந்த அட்டவணை வந்தால் தெரியும். "இந்த விவரம் இந்த வடிவத்தில் பராமரிக்கப்படுவதில்லை" என்று பதில் வந்தால் (அ)-வை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வங்கியின் பெயரைப் போட்டு, மறுபடியும் அனுப்புவேன்.